நாற்பது வீதம்

முதல் பிள்ளைக்கு நான் கேட்டபோது
தொலைபேசிக்காரி தன்மையாகத்தான் சொன்னாள்:
பதிவு செய்த நாளிலிருந்து
பன்னிரண்டு மாதம் போன பிறகே உரித்து.
விரல் மடித்து எண்ணினேன்.
எங்கள் கணக்கில் எப்போதும் பத்துத்தான்.
மிச்ச இரண்டு மாதமும்
பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று
வாய்வரை வந்தது. கேட்கவில்லை.
அவளுக்குப் பின்னால் வேறு தொலைபேசிகள்
அடித்துக்கொண்டிருந்தன.

ஸ்காபரோ. மோர்னிங்சைட் பக்கம் ஒரு நிலக்கீழ் அறை.
பக்கவாசல், ஏழு படி,
பனிக்கு வழுக்கும்; உப்புப் போட்டிருக்கிறேன்.
சாய்நாற்காலி ஒன்று, வளைய விளக்கு ஒன்று,
நூல்.
ஒரு முனை என் பல்லில், மற்றது விரல்களில்.
புருவம் எட்டு டொலர். மேலுதடு ஐந்து.
முழு முகம் என்றால் பேசிக்கொள்ளலாம்.

வாயில் நூல் இருக்கும்போது
மறுமொழி சொல்ல முடியாது.
அதனால்தான் பெண்கள் என்னிடம்
எல்லாம் சொல்லிவிடுகிறார்கள்.

மூத்தவன் பிறந்து பத்தொன்பதாம் நாள்
கீழே இறங்கினேன். துடக்குக் கழியவில்லை.
அவன் கார் இருக்கையில், என் காலடியில்.
அழுதால் பெருவிரலால் ஆட்டுவேன்.
ஒரு புருவத்துக்கும் மற்றதுக்கும் இடையில்
பால் கொடுத்திருக்கிறேன்.
மரிசெல் பாதி முகத்தோடு
கண்மூடிக் கிடந்தாள்,
போகும்போது இருபது டொலர் வைத்தாள்,
மிச்சம் வாங்கவில்லை.

இந்தமுறை நான் கெட்டிக்காரி.
தை பிறந்த அன்றே பதிந்தேன்.
முதலில் வழி பிறக்கட்டும்,
பிள்ளை பிறகு பிறக்கட்டும்.
பனி உருகும்வரை நிரூபனும் நானும்
நாட்காட்டியை நடுவில் போட்டுப் படுத்தோம்.

மைலோப் பேணிக் காசையும்
வரிக் கணக்கில் ஏற்றினேன், ஒரு தாள் விடாமல்.
உழைத்தேன் என்று சொன்னால்தானே
ஓய்ந்திருக்க விடுவார்கள்.
நூற்றுக்கு ஐம்பத்தைந்து.

ஒருமுறை வாங்கினால் பிறகு விலக முடியாதாம்.
சொந்தத் தொழில் இருக்கும்வரை
வருடா வருடம் கட்டவேண்டுமாம்.
நிரூபன் இரண்டுதரம் வாசித்து
யோசிச்சனீரோ என்றான்.
வயிற்றைக் காட்டினேன்.
இதிலிருந்து மட்டும் விலகலாமோ?

இப்போது படிவத்தில் நிற்கிறேன்:
தொழிலுக்குச் செலவிடும் நேரத்தை
நாற்பது வீதத்துக்கு மேல் குறைத்துள்ளீரா?

எந்த நாற்பது?
துவாய் தோய்ப்பதும் தொழில்தானா?
இரவு கட்டிலில் கிடந்து
நாளைக்கு யார் வருவார்,
யார் எக்லிண்டன் சந்திக் கடைக்குப் போய்விடுவார் என்று
நினைப்பது எந்தப் பெட்டிக்குள்?
குனிவதை மட்டும் கழித்தால் காணுமா?

போன கிழமை ஹோடான் வந்தாள்.
ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து நேராக.
அவள் தலைமாட்டில் நின்று குனிந்தேன்,
வயிறு அவள் உச்சியில் முட்டியது.
உள்ளிருந்து ஓர் உதை, சரியாக அவள் மண்டையில்.
'மன்னிக்க வேண்டும், இனி அசையமாட்டேன்' என்றாள்,
நான்தான் தட்டினேன் என்று நினைத்து.
வாயில் நூல்.
சொல்லவில்லை.
அவள் பாவம், மூச்சையும் அடக்கிக்கொண்டு
கிடந்தாள்.

கடைசி வேலை நாள் எது?
நேற்று என்று எழுதினேன்.
அனுப்பு என்பதை அமத்தினேன்.
பக்கக் கதவில் துண்டு ஒட்டினேன்:
பதினைந்து கிழமைக்குப் பூட்டு.

எட்டே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி.
அக்கா, மேலுதடு மட்டும்.
காலமை வேலைக்கு நேர்முகம்.
அஞ்சு நிமிசம்.

அஞ்சு நிமிசம்
நூற்றில் எத்தனை வீதம்?

மேலே இருந்து நிரூபன் கேட்கிறான்,
இந்த நேரத்திலை படிக்கு ஏன் உப்புப் போடுறீர்?